தலைகீழ் வண்டி

மார்ச் 4

அண்ணனுக்கு,

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுக்கப் போவதில்லை. பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன். அப்புறம் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பாய். எழுதினால் சொன்னது கையில் இருக்கும்.

திங்கட்கிழமை காலை, அப்பா ஓட்டுகிற முதலாளியின் பழைய காரில் புகை வந்துவிட்டது. ராத்திரி கழற்றி வைத்த பேட்டரிப் பட்டையை அப்பா வழக்கம்போல மாட்டினார். சாவியைக்கூடத் தொடவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை சுருண்டு வந்தது. அப்பா பதறிப்போய்ப் பட்டையைப் பிடுங்கினார். முதலாளி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தால்தான் வெளியே வருகிற மனுஷன், அன்றைக்கு என்னவோ முன்னாடியே வந்து நின்றிருந்தார்.

அவருடைய மெக்கானிக் வந்தார். தலையை உள்ளே விட்டார், மூக்கை உறிஞ்சினார், வெளியே எடுத்தார். "யாரோ கத்துக்குட்டி ஒயரிங் பண்ணியிருக்கான் சார்" என்றார். அந்தக் கத்துக்குட்டி நீதான். போன வருஷம் நீ ஒரு வாரம் அந்த வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்தது எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி அப்பாவிடம், "உன் பையன் கைய வச்சான், உன் கையில எரிஞ்சுது. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பார்த்துக்க" என்றார். வேலையும் போகிறது, ஷெட்டுக்குப் பின்னால் நாம் இருக்கிற அறையும் போகிறது. அவர் வண்டியில் புகை வந்தால் நம் அடுப்பு அணைய வேண்டும், அதுதான் கணக்கு. அம்மா பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

நேராகக் கேட்கிறேன். நீ ஊருக்குப் போகிற அன்று உன் பையில் ஒயர் சுருள் இருந்தது. நான் பார்த்தேன். நல்ல ஒயரை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போட்டாயா?

தங்கச்சி

*

மார்ச் 8

வாலுக்கு,

ஒரு வருஷம் கழித்து எழுதுகிறாய், அதுவும் திருடனா என்று கேட்க. ரொம்ப சந்தோஷம்.

என் பையில் இருந்தது அந்த வண்டியின் பழைய ஒயர். துணி சுற்றிய ஒயர், தொட்டால் உதிரும். இங்கே பட்டறையில் பழைய வண்டிகள்தான் வருகின்றன, மாதிரிக்கு இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன். வேண்டுமானால் பார்சலில் அனுப்புகிறேன், முதலாளிக்கு மாலையாகப் போடு.

அந்த மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தாரா? இல்லை. மூக்கால் ஒயரிங் பார்க்கிற ஆளை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நானும் நேராகக் கேட்கிறேன். அப்பா ஏதாவது சேர்த்து மாட்டினாரா? போன் சார்ஜர், சின்ன ஃபேன், ஏதாவது? முதலாளி "மாட்டு" என்றால் இவர் "சரிங்க" என்று மாட்டிவிட்டு, கேட்டால் ஞாபகம் இல்லை என்பார். நான் சொன்னபடி தினமும் புறவழிச் சாலையில் ஒரு நீளச் சுற்று ஓட்டுகிறாரா என்றும் கேள். அது டைனமோ வண்டி. மெதுவாக ஓட்டினால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது.

நீ வேலை பார்க்கிற போன் ரிப்பேர் கடையில் போர்டுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கிற பவர் சப்ளை இருக்கிறதல்லவா, அதைக் கொண்டுபோ. பேட்டரியை மாட்டாதே. ஷார்ட் இருக்கிற வண்டியில் பேட்டரியை மாட்டினால் அது கையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும், ஒயர் எரியும். பவர் சப்ளையில் ஒரு அளவு வைத்தால் அதற்கு மேல் தராது. பன்னிரண்டு வோல்ட் வை, ஒரு ஆம்பியருக்கு மேல் போகாமல் நிறுத்து. ஒரு கிளிப்பைப் பாடியில் மாட்டு, இன்னொன்றைப் பேட்டரியிலிருந்து உள்ளே போகிற தடித்த கேபிளில். ஷார்ட் இருந்தால் ஆம்பியர் அளவைத் தொட்டு நிற்கும், வோல்ட் விழுந்துவிடும். அப்புறம் ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு கம்பியாகக் கழற்று. எதைக் கழற்றும்போது வோல்ட் நிமிர்கிறதோ அதுதான் ஆள்.

பார்த்ததை எழுது. நினைத்ததை எழுதாதே.

அண்ணன்

*

மார்ச் 12

அண்ணனுக்கு,

பார்த்ததை எழுதுகிறேன். நினைத்ததையும் எழுதுவேன்.

அப்பா எதையும் மாட்டவில்லை. கேட்டதற்கே முகம் சுண்டிவிட்டது. "ஒங்கண்ணன் கேக்கச் சொன்னானா?" என்றார். நீளச் சுற்றை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. முதலாளியை ஆபீசில் இறக்கிவிட்டு, புறவழிச் சாலையில் போய்த் திரும்பி வருவார். "இவ்ளோ நேரம் எங்க போன?" என்று முதலாளி ரெண்டு மூணு தடவை கேட்டிருக்கிறார். "வண்டிக்கு சார்ஜ் ஏத்தினேங்க" என்றால், பெட்ரோல் வண்டிக்கு என்ன சார்ஜ் என்று சிரித்தாராம்.

மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு பவர் சப்ளையை ஷெட்டுக்குத் தூக்கிப் போனேன். நீ சொன்னபடியே வைத்து மாட்டினேன். ஷார்ட்டே இல்லை. ஆம்பியர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, வோல்ட் அசையவில்லை. சின்ன விளக்கைப் போட்டுப் பார்த்தேன், அழகாக எரிந்தது. டேஷ்போர்டில் இருக்கிற சார்ஜ் முள்கூட "ஏறுகிறது" பக்கம் சாய்ந்தது.

ஆனால் குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம், சிவப்பு, கண் சிமிட்டுகிறது. அந்த வண்டியில் கண் சிமிட்டுகிற சாமான் எதுவும் கிடையாது என்று அப்பா சொல்கிறார். அது இருக்கிற இடம் நீ மெழுகுநூலால் கட்டிய ஒயர்க் கட்டுக்குப் பின்னால். உன் கட்டு எனக்குத் தெரியும். அங்கே என்ன வைத்தாய்?

இன்னொன்று. நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் முதலாளி ஷெட்டுக்கே வந்துவிட்டார். காலில் தூசி படும் என்று அந்தப் பக்கமே வராதவர். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "யாரு வண்டியில கை வச்சது?" என்றார். வீட்டுக்குள் இருந்தவருக்கு யார் சொன்னது? அப்பா, அம்மாவைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் சொல்ல மாட்டார்கள். உனக்கும் தெரியும். நீ யாரிடம் சொன்னாய்?

தங்கச்சி

*

மார்ச் 15

வாலு,

முள் "ஏறுகிறது" பக்கம் சாய்ந்தது என்று எழுதியிருக்கிறாயே, அங்கேயே என் டீ ஆறிவிட்டது. விளக்குப் போட்டால் அந்த முள் "இறங்குகிறது" பக்கம்தான் போக வேண்டும். நீ கிளிப்பை மாற்றி மாட்டியிருக்கிறாய். கறுப்பைப் பாடியில் மாட்டினாய், சரியா?

சின்ன வயதிலிருந்து அப்பா அதைத் தலைகீழ் வண்டி என்று கூப்பிடுவது எதற்கு என்று நினைத்தாய்? அந்தக் காலத்தில் சில வண்டிகளை அப்படித்தான் செய்தார்கள். இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் பாடியோடு சேரும். இதில் பிளஸ் சேரும். சிவப்புதான் பாடி. உனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன். விளக்குக்கு எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் ஒன்றுதான், அதனால் எரிந்தது.

கிளிப்பை மாற்றி மாட்டிப் பார். எனக்குத் தெரிந்து ஷார்ட் அப்போதுதான் வரும். ஒயர் எங்கே சுடுகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போ. ஒரு ஆம்பியரில் எரியாது, மெல்லிய ஒயராக இருந்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அது உன்னை அந்தச் சிவப்புப் பொட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும்.

ஏன் என்று யோசி. அந்தச் சாமான் நீ தப்பாக மாட்டும்போது ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியென்றால் அதை வைத்தவனும் உன்னைப்போலவே கறுப்பைப் பாடியில் சேர்த்திருக்கிறான். ராத்திரி பேட்டரி கழற்றியிருக்கும்போது வைத்திருப்பான், அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் அப்பா பட்டையை மாட்டினார், தலைகீழாகக் கரண்ட் பாய்ந்தது. அந்தச் சாமான் தன்னைக் காத்துக்கொள்ள அதை அப்படியே ஷார்ட்டாக்கியிருக்கும்; அது பிழைத்தது, ஒயர் புகைந்தது.

நான் வைத்திருந்தால் அது சரியாக மாட்டப்பட்டிருக்கும். அப்பா வைத்திருந்தாலும் அப்படித்தான். எங்கள் ரெண்டு பேருக்கும் தூக்கத்தில்கூட அந்தத் தப்பு வராது. இப்போது நான் கேட்கிறேன். அப்படிச் சிமிட்டுவது வண்டி எங்கே போகிறது என்று காட்டுகிற பெட்டியாகத்தான் இருக்கும், அதை உன் மாதிரிக் கடைகளில்தான் விற்கிறார்கள். கறுப்பு பாடிக்கு என்று யோசிக்காமல் மாட்டுகிற கை ஒன்றை இந்த வாரம்தான் பார்த்தேன். யாருக்காக மாட்டிக் கொடுத்தாய்? நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இங்கே சொல்வதற்கு ஆளும் இல்லை.

அண்ணன்

*

மார்ச் 19

உனக்கு வெட்கமே இல்லையா? பெற்ற அப்பாவை வேவு பார்க்க நான் பெட்டி வைத்தேனா? எங்கள் கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிற ஓட்டை. உடைந்த கண்ணாடி மாற்றுவோம், தண்ணீரில் விழுந்த போனைக் காய வைப்போம். அந்தப் பெட்டியை நான் கையில் தொட்டதே இப்போதுதான். வந்து அலமாரியைக் கவிழ்த்துப் பார்.

நீ சொன்னபடி மாற்றி மாட்டினேன். ஆம்பியர் ஒன்றில் முட்டி நின்றது, வோல்ட் படுத்துவிட்டது. மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று வெதுவெதுத்தது, தோல் பாதி உருகியிருந்தது. தடவிக்கொண்டே போனேன். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. கறுப்புக் கம்பியைப் பாடி ஸ்க்ரூவில் சுற்றியிருக்கிறார்கள். சிவப்பை உன் ஒயரைச் சுரண்டி முறுக்கிவிட்டு, மேலே ஒட்டியிருப்பது என்ன தெரியுமா? காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். இன்சுலேஷன் டேப்புக்குக்கூடக் கடைக்குப் போகாத ஆள். அல்லது போனால் யாராவது பார்ப்பார்கள் என்று பயந்த ஆள். இதைச் செய்தது நீ இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். உனக்கு நூலை ஒரு சுற்றுக் குறைத்தாலே தூக்கம் வராது.

என் தொழிலில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். கரண்ட் வந்ததும், "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று தன்னை வைத்தவன் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அன்றைக்கு நான் அதற்கு உயிர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கையில் போனோடு ஷெட்டுக்கு வந்து நின்றது யார்?

பிடுங்கி அவர் முகத்தில் எறியட்டுமா?

*

மார்ச் 22

வாலு,

எறியாதே. பிடுங்கினால் நீதான் வைத்தாய் என்பார்கள், நான் சொன்னதுபோலவே. சொன்னதற்கு மன்னித்துக்கொள். உன்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது, அதை யோசிக்க வைத்தவர்மேல் கோபம் போகவில்லை.

பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முதலாளியையும் மெக்கானிக்கையும் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் பவர் சப்ளையை மாட்டு. முதலில் அப்பா சொல்கிறபடி. அப்புறம் முதலாளி சொல்கிறபடி. நீ எதுவும் சொல்லாதே. மெசேஜ் வருகிறதா என்று அவர் பாக்கெட்டைப் பார். வராவிட்டால் நாம் தவறான ஆளைப் பிடித்திருக்கிறோம், வாயை மூடிக்கொண்டு வந்துவிடு.

அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவார்.

அண்ணன்

*

மார்ச் 27

அண்ணா,

முடிந்தது. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

"போறதுக்கு முன்னால ஒரு தடவ வந்து பாருங்க, எம்மக சோதிச்சுக் காட்டுறா" என்று அப்பாவைச் சொல்ல வைத்தேன். முதலாளி வந்தார். மெக்கானிக்கும் வந்தார், அதே மூக்கோடு.

நான் அப்பாவிடம், "எதப்பா பாடியில மாட்டணும்?" என்றேன். "செவப்பும்மா. தலைகீழ் வண்டிதானே" என்றார். மாட்டினேன். ஆம்பியர் முட்டியது. மெக்கானிக் கையைத் தட்டினார். "அதான் சொன்னேனே, ஒயரிங்! பாருங்க சார், அப்படியே ஷார்ட்டு!"

நான் முதலாளி பக்கம் திரும்பினேன். "சார், நீங்க சொல்லுங்க. எது பாடியில?"

"கறுப்புதான். இதுகூடத் தெரியாம வண்டியத் தொடுறீங்க" என்றார்.

மெக்கானிக், "சார் சொல்றதுதான் கரெக்ட்டு" என்றார். அந்த ஆள் அதே ஷெட்டில் எத்தனை வருஷமாகப் பணம் வாங்குகிறார், அந்த வண்டிக்கு எது பாடி என்று தெரியாது!

மாற்றி மாட்டினேன். ஷார்ட் காணாமல் போனது. டேஷ்போர்டுக்கு அடியில் சிவப்புப் பொட்டு சிமிட்டியது. "அது என்ன லைட்டு?" என்றார் மெக்கானிக். நான் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். வராது என்றே நினைத்துவிட்டேன்.

டிங் என்றது. முதலாளியின் சட்டைப் பாக்கெட்.

கிளிப்பை எடுத்தேன். மறுபடி மாட்டினேன். பொட்டு சிமிட்டியது. மறுபடி டிங்.

அப்பா அந்தப் பாக்கெட்டையே பார்த்தார். மெக்கானிக் தன் செருப்பைப் பார்த்தார். முதலாளிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "அது... வண்டி திருடு போயிடக் கூடாதுன்னு வச்சேன். பாதுகாப்புக்கு. சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

"ஒயரிங் யாரு தப்பு சார்?" என்றேன்.

முதலாளி போனைப் பாக்கெட்டுக்குள் அழுத்தினார். அப்பாவைப் பார்த்து, "சரி, வேலையப் பாரு. ரூம்லயே இருங்க" என்றார். ஏதோ பிச்சை போடுகிற மாதிரி. ரெண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஆனா ஒண்ணு. அந்தச் சுத்துவழியெல்லாம் இனி கூடாது. என் பெட்ரோல்ல எங்க சுத்துறன்னு தெரியாமத்தான் இதெல்லாம் செய்ய வேண்டியதாப் போச்சு. இனிமே நேரா போ, நேரா வா."

அப்பா என்ன சொன்னார் என்று நினைக்கிறாய்?

"சரிங்க" என்றார்.

அம்மா பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிட்டாள். நான் பவர் சப்ளையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழுதேன், எதற்கென்று தெரியவில்லை.

தங்கச்சி

*

மார்ச் 31

வாலு,

சரிங்க! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வீட்டைவிட்டு வந்தேன். திருடன் மாதிரி ராத்திரியில் புகுந்து ஒயரைச் சுரண்டினவர் அவர். தலை குனிந்து நின்றது நம் அப்பா. அந்தச் சுற்று யாருக்காக? அவருடைய பேட்டரிக்காக. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதுவே சந்தேகமாகி, பெட்டியாகி, புகையாகி நம் தலையில் விடிந்தது.

நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? டைனமோவில் ரெண்டு கம்பி இருக்கும், தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. மெல்லியதைக் கழற்றிவிட்டால் சார்ஜே ஏறாது. பேட்டரி செத்து நடுரோட்டில் நிற்கும். அந்த மூக்கு மெக்கானிக்கால் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது. கழற்றிப் போட்டிருப்பேன். நம் அப்பாவிடம் இதை எதிர்பார்க்க முடியுமா? நாம் கழற்றச் சொன்னாலும் முதலாளியிடம் அனுமதி கேட்பார்.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அண்ணா,

உட்கார்ந்து படி.

நேற்று காலை பெரிய சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பின்சீட்டில் முதலாளி. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் பஸ், ஆட்டோ, லாரி, எல்லாம் ஹாரன். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யோவ், மியூசியத்துல வுட வேண்டியத ரோட்ல ஏன்யா வுடுற?" என்று கத்தினாராம்.

அப்பா சொன்னாராம், "தள்ளினாத்தாங்க வரும். யாராவது ஸ்டியரிங்க்ல ஒக்காரணும், கியர் போட்டு கிளட்ச்ச வுடணும். நீங்க ஒக்காருறீங்களா?" முதலாளிக்கு அது தெரியாது. அதனால் அப்பா உள்ளே உட்கார்ந்தார். முதலாளி இறங்கினார். வெள்ளைச் சட்டையோடு தள்ளினார்.

எங்கள் கடைக்காரர் அந்தப் பக்கம்தான் வருவார், அவர்தான் பார்த்து வந்து சொன்னார். "ஒங்கப்பா ஜன்னல்ல கைய வச்சுக்கிட்டு ராஜா மாதிரி ஒக்காந்திருக்காரும்மா. 'இன்னும் கொஞ்சம் வேகமாங்க, இன்னும் கொஞ்சம்'ங்கறாரு." பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ளியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

சாயங்காலம் முதலாளி ஷெட் வாசலில் நின்று, "அந்தச் சுத்தையே ஓட்டித் தொல" என்றார். அப்பா "சரிங்க" என்றார். மெக்கானிக் வந்தார், மோந்து பார்த்தார், "பழைய வண்டி சார், ஓட்டிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கச்சி

*

ஏப்ரல் 13

வாலு,

நாலு தடவை படித்தேன். பட்டறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவன் மட்கார்டில் சாய்ந்து சிரித்து, பெயிண்டைக் கெடுத்துவிட்டான்.

ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. நல்ல பேட்டரி அது. நேர் வழியில் மட்டும் ஓட்டினாலும் அவ்வளவு சீக்கிரம் சாகாது. சரி, செத்தே போகட்டும். அவ்வளவு தூரம் தள்ளியும் ஒரு உறுமல்கூட வரவில்லை என்கிறாய். டைனமோ நன்றாக இருந்தால் ஒரு இருமலாவது இருமியிருக்கும். அது கரண்டே தரவில்லை.

நான் கோபத்தில் எழுதியதை நீ செய்துவிட்டாயா? உன்னிடம் ஸ்பானரும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. உண்மையைச் சொல். மாட்டிக்கொண்டால் இந்த முறை அப்பாவை யாராலும் காப்பாற்ற முடியாது. கழற்றியிருந்தால் உடனே போய் மாட்டு.

அண்ணன்

*

ஏப்ரல் 17

அண்ணா,

உண்மையைச் சொல்கிறேன். டைனமோவைப் பற்றி நீ எழுதிய மார்ச் கடைசிக் கடிதம் வந்த அன்றைக்கே ஸ்பானரை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அப்பா குளிக்கப் போயிருந்தார். பானெட்டைத் தூக்கினேன். டைனமோவில் ரெண்டு கம்பி, தடித்தது, மெல்லியது. நீ எழுதியபடியே.

மெல்லியது ஏற்கெனவே கழன்றிருந்தது. நுனியில் இன்சுலேஷன் டேப், பாடியில் படாதபடி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சுற்றியிருந்தது.

பானெட்டைச் சத்தம் வராமல் மூடிவிட்டுத் திரும்பினால், அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வாசலில் நிற்கிறார்.

"என்னம்மா தேடுற?"

"ஒண்ணும் இல்லப்பா."

"சரிம்மா" என்றார். என் முந்தானையைப் பார்த்தார். ஸ்பானரை வாங்கி, துடைத்து, பெட்டியில் வைத்தார்.

இப்போது அந்தக் கம்பி மாட்டியிருக்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறது, தினமும் நீளச் சுற்று. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவிடமே கொடுக்கிறேன். இதைப் பற்றி மட்டும் போனில் கேட்காதே.

எழுதினால் கையில் இருக்கும் என்று முதல் கடிதத்தில் சொன்னேன். இந்தக் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளாதே.

வாலு